ஒளியும் குளிரும்: யூறா மலைநாட்டுக் கடிகாரத் தொழிலாளரின் வேலைமேசை

இல்லத்தில் இருந்துகொண்டே நுண்ணிய கைத்தொழில் புரிவோனுக்குக் கண்ணுக்கு வேண்டிய ஒளியும் விரலுக்கு வேண்டிய வெம்மையும் இன்றியமையாதன. வெப்பநாடுகளில் வாழ்வோர் பின்னதைப் பற்றி எண்ணவேண்டிய தேவை இல்லை. திண்ணையில் அமர்ந்தால் இரண்டும் கேளாமலே கிடைக்கும். ஆண்டிற் பல மாதங்கள் வெண்பனி மூடிக்கிடக்கும் நாடுகளிலோ இவை ஒன்றுக்கொன்று பகையாகி நிற்கின்றன. ஒளி வரும் வழி சாளரம். குளிர் வரும் வழியும் அதுவே. வெம்மை தரும் கணப்படுப்பு அறையின் உட்பக்கத்தில் இருப்பது. சாளரத்தை நாடுவோனுக்கு விரல் விறைக்கும். அடுப்பை நாடுவோனுக்கு வேலை தெரியாது. கடுகினும் சிறிய திருகாணியைச் சாவணத்தாற் பற்றி, அதனினும் சிறிய துளையிற் செலுத்தவேண்டிய ஒருவன் எங்கே அமர்வான்? இவ்வினாவுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்காலம் தம் வீடுகளிலேயே விடை தேடியவர், சுவிற்சலாந்தின் யூறா மலைநாட்டுக் கடிகாரத் தொழிலாளர் ஆவர்.

யூறா மலைத்தொடர் பிரான்சுக்கும் சுவிற்சலாந்துக்கும் இடையே எல்லையாகக் கிடப்பது. அதன் மேற்பள்ளத்தாக்குகளில், நெசாத்தெல் மாகாணத்தைச் சேர்ந்த லா சோ-த-பொன், லு லொக்கிள் என்னும் இரு நகரங்கள் உள. முன்னது கடல்மட்டத்தின்மேல் ஏறக்குறைய 1000 மீற்றர் உயரத்தில் அமைந்தது. பின்னது சற்றுத் தாழ்ந்தது. அம்மாகாணத்தைச் சேர்ந்த லா பிரெவீன் என்னும் ஊரில் 1987 ஜனவரி 12ஆந் திகதி பதியப்பெற்ற வெப்பநிலை பூச்சியத்தின்கீழ் 41.8 சென்ரிகிரேட் பாகை. இவ்வூரை அந்நாட்டார் 'சுவிற்சலாந்தின் சைபீரியா' என வழங்குவர். ஆண்டுதோறும் இத்துணைக் கடுங்குளிர் வருவதில்லையாயினும், அங்கே நிலம் பயிருக்கு ஏற்றதன்று. மக்கள் பசு வளர்த்துப் பாற்கட்டி செய்து வாழ்ந்தனர். வெண்பனி விழத் தொடங்கினால் வயல்வேலை இல்லை. வீட்டைவிட்டு வெளியே செல்லவும் வழியில்லை. டிசெம்பர் இறுதியிற் பகற்பொழுது ஏறக்குறைய எட்டரை மணித்தியாலமே. நண்பகலிலும் ஞாயிறு அடிவானத்திலிருந்து இருபது பாகைக்குமேல் எழுவதில்லை.

இந்நிலையில் அம்மக்கள் கடிகாரத் தொழிலை மேற்கொண்ட வரலாற்றை அந்நாட்டார் ஒரு கதையாகச் சொல்வர். 1679ஆம் ஆண்டளவில் அவ்வழியே சென்ற குதிரை வணிகன் ஒருவன், ஓடாது நின்றுபோன தன் கடிகாரத்தைத் தானியல் ஜான்ரிஷார் என்னும் இளங்கொல்லனிடம் காட்டினான். அவன் அதனைப் பழுதுபார்த்ததோடமையாது, வேண்டிய கருவிகளைத் தானே ஆக்கிக்கொண்டு புதிய கடிகாரம் ஒன்றையும் செய்தான் என்பது அக்கதை. ஜான்ரிஷார் உண்மையில் வாழ்ந்தவர், 1741இல் இறந்தவர். கதையின் ஏனைய பகுதியை வரலாற்றாசிரியர் அப்படியே ஏற்பதில்லை. ஒரு தொழில் ஒருவனால் ஒரு நாளில் ஒரு நாட்டுக்கு வந்துவிடுவதில்லை. செனீவா நகரத்தில் அத்தொழில் முன்பே வளர்ந்திருந்தது. குளிர்காலம் முழுவதும் வேலையின்றியிருந்த கைகள் மலைமேல் இருந்தன. இவ்விரண்டையும் இணைத்தால் கதையின் தேவை பெரிதும் குறைந்துவிடும்.

செனீவாக் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மைந்தரான ரூசோ, தாம் இளமையிற் கண்ட இம்மலைநாட்டு மக்களைப் பற்றி, 1758இல் தாலம்பேருக்கு எழுதிய நூல்வடிவான கடிதத்தில் விரித்துரைத்துள்ளார். பனியால் அடைபட்ட மரவீடுகளுள் ஒவ்வொரு குடும்பமும் தன் கையாலேயே எல்லாம் செய்து மகிழ்ந்திருந்ததாக அவர் காட்டும் படம் அழகியது. எனினும் அது விருந்தினன் கண்ட படம். மெழுகுதிரியின் விலையைக் கணக்கிட்டுக்கொண்டே அறைகுறை ஒளியில் அரத்தால் தேய்த்தவன் எழுதியிருந்தால் படம் வேறாக இருந்திருக்கும். ஒரு நூற்றாண்டின்பின், 1867இல் வெளியான 'மூலதனம்' என்னும் நூலின் முதற்பாகத்தில், தொழிற்பிரிவினைக்குச் சான்றாக மார்க்ஸ் கடிகாரத் தொழிலையே எடுத்துக்கொண்டார். ஒரு கடிகாரம் எத்தனை வகைத் தொழிலாளரின் கைகளிற் சிதறிக்கிடந்து இறுதியில் ஒருவன் கையில் ஒன்றுசேர்கிறது என்பதை அவர் நீண்ட பட்டியலாகத் தருகின்றார். ஒருவன் சில்லின் பல்லை மட்டும் வெட்டுவான், ஒருவன் அச்சின் முனையை மட்டும் மெருகிடுவான், முகத்தட்டுக்கு ஒருவன், முள்ளுக்கு ஒருவன். பெரும்பாலோர் தத்தம் வீட்டிலிருந்தே செய்தனர். எண்ணிக்கைக்கே கூலி, ஆதலால் ஒளி குறைந்த நேரம் கூலி குறைந்த நேரமாயிற்று. அவர்களது சாளரத்தையும் மேசையையும் விளக்கையும் பற்றிய ஆராய்ச்சி வெறும் அழகாராய்ச்சி ஆகாமைக்கு இதுவே காரணம்.

ஒளியின் அளவை முதலில் நோக்குதல் தகும். ஒரு மெழுகுதிரியின் ஒளிச்செறிவு ஏறக்குறைய ஒரு கண்டெலா. அதனை வேலைப்பொருளிலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்தால், அப்பொருளின்மேல் விழும் ஒளி ஏறக்குறைய 11 லக்ஸ் ஆகும். 60 சென்ரிமீற்றருக்குத் தள்ளினால் அது பாதியாகக் குறையும் எனப் பலர் எண்ணுவர். தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகவே ஒளி குறையுமாதலால், காற்பங்கே எஞ்சும். அதாவது மூன்று லக்ஸுக்கும் குறைவு. கையாற் கடிகாரம் செய்யும் இடத்துக்கு இன்றைய ஐரோப்பிய நியமம் வேண்டும் ஒளியோ 1500 லக்ஸ். இதனை 30 சென்ரிமீற்றர் தூரத்தில் மெழுகுதிரியால் மட்டும் பெறுவதாயின் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட திரிகள் ஒரே இடத்தில் எரிதல் வேண்டும். மேகம் மூடிய குளிர்கால நண்பகலிலும் வீட்டுக்கு வெளியே பல ஆயிரம் லக்ஸ் ஒளி இருக்கும். சாளரத்தை ஒட்டி அமர்ந்தால் அதில் ஒரு பங்கு கிடைக்கும். இரண்டு பாகம் பின்னே சென்றால் அப்பங்கும் பெரிதும் அற்றுப்போகும். ஆகவே, எத்துணைக் குளிரானாலும் பகலில் மேசையின் இடம் சாளரமே. இதில் அவர்களுக்குத் தெரிவு இருக்கவில்லை.

யூறாவின் பழைய தொழிலாளர் வீடுகளைக் காண்போர் முதலிற் கவனிப்பது நெருங்கிய வரிசையாக அமைந்த சாளரங்களை. ஒரு சாளரத்துக்கும் மறு சாளரத்துக்கும் இடையே சுவர் மிகக் குறுகியது. அவ்வரிசையின் கீழே, சுவரின் நீளத்துக்கும் ஒரே பலகையாக வேலைமேசை ஓடும். தொழிலாளர் ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராக, எல்லாரும் வெளியை நோக்கி அமர்வர். பட்டறை பெரும்பாலும் மேல்மாடியில் இருக்கும். எதிர்வீட்டின் நிழல் அங்கே விழாது என்பதே காரணம். சாளரம் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைக் கண்ணாடி உடையதாகக் குளிர்காலத்தில் அமைக்கப்படும். இரண்டுக்கும் இடையில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. உட்கண்ணாடியில் மூச்சின் ஈரம் படிந்து உறைந்து ஒளியை மறைப்பதும் அதனாற் குறையும்.

ஒரு நகரம் முழுவதுமே இவ்வேலைமேசைக்காகத் திட்டமிடப்பெற்றது என்றால் மிகையாகாது. 1794 மே 5ஆந் திகதி லா சோ-த-பொன் பெருந்தீயால் அழிந்தது. அதன்பின் அந்நகரத்தை நேரான இணைதெருக்களாக வகுத்துக் கட்டினர். 1835இல் சார்ல்-ஆன்றி ஜூனோ என்பவர் வரைந்த திட்டம் அவ்வமைப்பை மேலும் விரித்தது. நீண்ட வீட்டுவரிசை, அதன் முன்னே தோட்டம், பின் தெரு, மீண்டும் வீட்டுவரிசை என்ற இவ்வொழுங்கில், முன்வீட்டின் நிழல் பின்வீட்டின் சாளரத்தை எட்டாதபடி இடைவெளி விடப்பட்டது. வாழும் அறையும் தொழில் அறையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. 2009இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் இந்நகரத்தையும் லு லொக்கிளையும் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது சிறப்பித்துக் கூறிய இயல்பும் இதுவே.

வெண்பனி செய்யும் உதவி ஒன்றும் ஈண்டுச் சொல்லத்தக்கது. புதிதாக விழுந்த வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேலாகத் திருப்பி அனுப்பும். கோடையிற் கரும்பச்சையாய்க் கிடந்து ஒளியை விழுங்கும் புல்வெளி, குளிர்காலத்திற் பெரியதோர் வெள்ளைத் தட்டாகிவிடுகிறது. அதன் ஒளி கீழிருந்து மேல்நோக்கிச் சாளரத்தினூடே நுழைந்து கூரைப்பலகையில் விழும். அப்பலகை வெள்ளை பூசப்பட்டிருந்தால், அங்கிருந்து மேசைக்கு நிழலில்லாத மென்மையான ஒளி இறங்கும். குறுகிய பகலுக்கு இது இயற்கை தரும் சிறு ஈடு. ஆனால் தெளிந்த வானமுள்ள நாளில் அதே பனி கண்ணைக் கூசச் செய்யும். மெருகிட்ட உருக்கு கண்ணாடிபோன்றது. நேரொளி அதன்மேற் பட்டால் கீறல் எது, ஒளிக்கோடு எது என்று தெரியாது. அத்தகைய நாளிற் சாளரத்தின் கீழ்ப்பாதியை மெல்லிய தாளாலோ வெண்டுணியாலோ மறைத்தல் வேண்டும். ஒளி மிகுதியும் ஒளிக்குறையைப்போலவே தொழிலைக் கெடுக்கும் என்பதை அறியாதவரே, விளக்கின் ஆற்றலைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என எண்ணுவர்.

இனி மேசை. கடிகாரத் தொழிலாளனின் மேசை எழுதும் மேசையிலும் ஒரு சாண் அளவு உயர்ந்தது. பார்ப்போருக்கு அது பெரியோர் மேசையிற் குழந்தை அமர்ந்ததுபோலத் தோன்றும். வேலைப்பொருள் கண்ணுக்கு அருகே வரவேண்டும்; கண் பொருளை நோக்கிக் குனியக் கூடாது. தாழ்ந்த மேசையில் குனிந்திருப்பவனின் தலை சாளர ஒளியை மறைத்துத் தன் வேலையின்மேலேயே நிழலை வீழ்த்தும்; கழுத்தும் முதுகும் நோகும். உயர்ந்த மேசையில் முன்கைகள் இரண்டும் பலகைமேல் முழுதாகத் தங்குவதால், தோளின் நடுக்கம் விரலுக்கு வருவதில்லை. குளிரில் உடல் நடுங்கும்போது இத்தாங்குதலின் பயன் பன்மடங்காகும்.

மேசையின் விளிம்பைச் சுற்றி விரலளவு உயர்ந்த சட்டம் உண்டு. உருண்டோடும் பொருளை அது தடுக்கும். தொழிலாளனின் மார்புக்கு நேராக உள்ள இழுப்பறையில் துணி விரித்திருப்பர். வேலை நேரத்தில் அதனைச் சற்று வெளியே இழுத்துவைத்தால், கைதவறி விழும் பொருள் மடியிலும் விழாது, நிலத்திலும் விழாது. மரப்பலகை வேய்ந்த நிலத்தில் விழுந்த திருகாணி பலகை இடுக்கிற் புகுந்தால் மீளாது. விறைத்த விரலுக்குப் பொருளைப் பற்றியிருக்கிறோமா விட்டுவிட்டோமா என்ற உணர்வே மங்கிவிடும். ஆதலால் இவ்விழுப்பறை கோடையிலும் குளிர்காலத்திலேயே தன் முழுப்பயனைத் தரும். மேசையின் நடுவே வெள்ளைத் தாள் ஒன்று விரித்திருக்கும். கருமையான உருக்கும் மஞ்சளான பித்தளையும் அதன்மேற் பளிச்செனத் தெரியும். அது மாசுபட்டால் மாற்றிவிடலாம். பிரித்து வைத்த உறுப்புகளைத் தூசு அண்டாதபடி மணிவடிவான கண்ணாடி மூடியால் மூடிவைப்பர்.

கருவிகளை வைக்கும் ஒழுங்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். எனினும் சாவணமும் திருப்புளியும் உருப்பெருக்கு வில்லையும் வலக்கைக்கு எட்டும் வட்டத்துக்குள்ளேயே இருக்கும். அரமும் சம்மட்டியும் அப்பால். தூசு எழுப்பும் வேலைக்கு வேறு மேசை அல்லது மேசையின் வேறு மூலை. குளிர்காலத்தில் இவ்வொழுங்குக்கு மற்றொரு விதி சேர்கின்றது. சாளரத்தை ஒட்டிய பலகைப் பகுதியே அறையில் மிகவும் குளிர்ந்த இடம். அங்கே இராமுழுவதும் கிடந்த உருக்குக் கருவி விடியலில் உறைகுளிராய் இருக்கும். கணப்படுப்பு மூட்டியபின் அறையின் ஈரக்காற்று அக்குளிர்ந்த உருக்கின்மேற் பட்டுப் பனித்துளியாகப் படியும். படிந்த இடம் துருப்பிடிக்கும். வில்லையும் அவ்வாறே. குளிர்ந்த வில்லையைக் கண்ணில் வைத்தவுடன் கண்ணின் வெம்மையாலும் மூச்சாலும் அது மங்கிப்போகும். இதனால் வில்லையை இரவில் உள்ளறையில் வைப்பதும், சட்டைப்பையில் வைத்துச் சூடேற்றிக்கொள்வதும், கருவிகளை எண்ணெய் தடவிய துணியிற் சுற்றி இழுப்பறையில் இடுவதும் வெறும் பழக்கமல்ல. பெளதிக விதிக்குக் கீழ்ப்படிதலே.

கணப்படுப்பைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அது முதுகுப்புறத்தில் இருக்கும். முகம் குளிரும், முதுகு காயும். அதன் புகைக்கரியும் சாம்பலும் நுண்ணுறுப்புகளுக்கு நஞ்சு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பக்கிங்காம், பெட்பேட், நோர்தாம்ரன் மாவட்டங்களில் வீட்டிலிருந்து பூவலை பின்னிய பெண்கள் இதே இடர்ப்பாட்டுக்குக் கடுமையான தீர்வு கண்டனர். வெள்ளை நூல் கரிபடும் என அஞ்சி அறையில் தீயே மூட்டாமல், சூடான சாம்பல் நிறைந்த மட்பானையைக் காலடியில் வைத்துக்கொண்டனர்.

பொழுது சாய்ந்தபின் சாளரம் பயனற்றது. அப்போது மேசைக்கு வேறோர் ஒளியுலகம் தொடங்குகின்றது. நீர் நிறைந்த கண்ணாடிக் கோளம் அதன் நடுநாயகம். கடிகாரத் தொழிலாளரும், செதுக்குவேலை செய்வோரும், செருப்புத் தைப்போரும், பூவலை பின்னுவோரும் ஐரோப்பாவெங்கும் இதனைக் கையாண்டனர். விளக்குக்கும் வேலைக்கும் இடையே, தாங்கியொன்றில் நிறுத்திய இக்கோளம், நாற்றிசையும் சிதறிப்போகும் ஒளியில் ஒரு பகுதியைச் சேர்த்து வேலைப்பொருளின்மேற் குவிக்கும். புதிதாக ஒளியை அது படைப்பதில்லை. சுவருக்கும் கூரைக்கும் வீணாய்ப் போவதை மீட்பதே அதன் தொழில்.

இதன் கணக்கு எளியது. நீரின் முறிவுச்சுட்டி ஏறக்குறைய 1.33. கண்ணாடி மெல்லியதாயின் அதனைப் புறக்கணிக்கலாம். அப்போது நீர்க்கோளத்தின் குவியத்தூரம், மையத்திலிருந்து அளக்க, ஆரையின் இரு மடங்காகும். அதாவது கோளத்தின் மேற்பரப்பிலிருந்து ஓர் ஆரைத் தூரத்தில் குவியம் அமையும். பன்னிரண்டு சென்ரிமீற்றர் விட்டமுள்ள கோளத்துக்கு ஆரை ஆறு, குவியத்தூரம் பன்னிரண்டு. விளக்கை மையத்திலிருந்து 24 சென்ரிமீற்றரில் வைத்தால், எதிர்ப்பக்கத்தில் அதே 24 சென்ரிமீற்றரில் சுடரின் விம்பம் தலைகீழாக, சுடரளவாகவே விழும். சுடரளவான ஒளிப்பொட்டு வேலைக்குப் போதாது. ஆகவே வேலைப்பொருளை அவ்விடத்திலிருந்து சற்று முன்னோ பின்னோ நகர்த்தினால், பொட்டு விரிந்து காசளவான ஒளிவட்டமாகும். கோளத்தின் ஓரமாகச் செல்லும் கதிர்கள் மையக்கதிர்களுக்கு முன்னரே குவிதலால் வட்டத்தின் விளிம்பு மென்மையாய் இருக்கும். தொலைகாட்டி செய்வோன் குறையெனத் தள்ளும் இயல்பு இம்மேசைக்கு நலமாயிற்று. பாடசாலை ஆய்கூடத்து வட்டக்குடுவை ஒன்றில் தெளிந்த நீரை நிரப்பி, இருண்ட அறையில் மெழுகுதிரி ஒன்றை ஏற்றி, இவ்வளவுகள் அனைத்தையும் மாணவர் ஒரு பாடநேரத்துள் அளந்து பார்த்துவிடலாம்.

இங்கிலாந்தின் விஞ்ஞானி உரொபேட் ஊக், 1665இல் வெளியிட்ட 'மைக்கிரோகிராபியா' என்னும் நூலில், தம் நுணுக்குக்காட்டியின் பொருள்களுக்கு ஒளியூட்டத் தாம் கையாண்ட இத்தகைய கோளத்தை விவரிக்கின்றார். அவர் நிரப்பியது நல்ல தெளிவான உப்புநீர். உப்புநீர் தூயநீரிலும் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உறையும். இவ்வியல்பு குளிர்நாட்டு மேசைக்குச் சிறியதன்று. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது வீதம் பெருகும். இரவிற் சாளரத்தருகே மறந்துவிட்ட நீர்க்கோளம் விடியலில் வெடித்துக் கிடக்கும். பகலிலோ அதற்கு எதிர்மாறான ஆபத்து. தாழ்ந்து வரும் குளிர்கால ஞாயிற்றின் கதிர் கோளத்திற் புகுந்தால், அது எரிகண்ணாடியாகி மேசையையோ தாளையோ பற்றவைக்கும். மரவீட்டில் இது விளையாட்டன்று. ஆகவே பகலில் அதனைத் துணியால் மூடிவைத்தல் வேண்டும். இரவு வேலை முடிந்ததும் வெம்மையுள்ள இடத்துக்கு மாற்றுதல் வேண்டும்.

பூவலை பின்னிய ஆங்கிலப் பெண்கள் உருகிய பனிநீரே கோளத்துக்குச் சிறந்தது எனக் கருதினர். ஒரு மெழுகுதிரியைச் சுற்றி நாலைந்து கோளங்களை நிறுத்தி, ஒவ்வொன்றின் பின்னும் வரிசை வரிசையாகப் பலர் அமர்வர். முதல் வரிசைக்கு முதலொளி, அடுத்ததற்கு இரண்டாம் ஒளி, கடைசிக்கு மூன்றாம் ஒளி எனப் பெயர். தேர்ந்த தொழிலாளிக்கே முதலொளி என்பர். அவ்வாறாயின், கற்கத் தொடங்கிய சிறுமிக்கு மூன்றாம் ஒளியே கிடைத்திருக்கும். கண் மிகவும் வேண்டியவள் அவளே என்பதை அந்த ஒழுங்கு பொருட்படுத்தவில்லை.

விளக்கின் வரலாற்றிலும் செனீவாக் கடிகாரத் தொழிலுக்குத் தொடர்புண்டு. அமி ஆர்கான் என்பவர் அந்நகரத்துக் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மகன். 1780ஆம் ஆண்டளவில் அவர் ஆக்கிய விளக்கில் திரி குழாய்வடிவானது. அதன் உள்ளும் புறமும் காற்றுச் செல்லும். மேலே கண்ணாடிக் குழாய் நின்று இழுவையைப் பெருக்கும். புகை குறைந்து, பல மெழுகுதிரிகளுக்கு ஈடான ஒளி கிடைத்தது. பின்னர் மண்ணெண்ணெய் வந்தது, அதன்பின் மின்சாரம். எண்ணெய்ச் சுடரும் மெழுகுதிரியும் மஞ்சள் ஒளியையே தருவன. அவ்வொளியில் நீல நிறத்தைச் சரியாக அறிய இயலாது. கடிகாரத் திருகாணியைச் சூடேற்றி நீலமாக்கும் வேலையில், உருக்கு முதலில் வைக்கோல் நிறமும், பின் ஊதாவும், ஏறக்குறைய 300 பாகையில் நீலமும் பெறும். ஒரு கணம் பிந்தினால் நீலம் வெளிறிவிடும். இவ்வேலை பகலுக்கே உரியது. எனவே, குளிர்காலத்தில் நாளைப் பங்கிடுதலும் மேசையை ஒழுங்குசெய்தலின் ஒரு கூறேயாகும். நிறம் பார்க்கும் வேலை நண்பகலுக்கு. கை பழகிய வேலை விளக்கொளிக்கு.

வேலைமேசையின் குளிர் தொழிலாளனை மட்டுமன்றிக் கடிகாரத்தையும் தொட்டது. எண்ணெய் குளிரில் தடித்து, சில்லுகளின் ஓட்டத்தைத் தடுக்கும். ஆதலால் எளிதில் உறையாத எண்ணெய்க்கு ஓங்கில் இனப் பிராணிகளின் தாடைக் கொழுப்பைக்கூட நாடினர். இதனினும் நுண்ணிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. அலைவுச் சில்லின் உருக்குச் சுருள்வில், வெப்பம் ஏற ஏறத் தன் மீள்தன்மையில் ஒரு பகுதியை இழக்கும். ஈடுசெய்யப்படாத கடிகாரம், வெப்பநிலை ஒரு பாகை மாறினால், நாளொன்றுக்கு ஏறக்குறைய பத்துச் செக்கன் மாறும். அடுப்பருகே திருத்தப்பெற்று, இருபது பாகை குளிர்ந்த அறையில் தொங்கவிடப்பட்ட கடிகாரம் ஒரு நாளில் மூன்று நிமிடத்துக்கு மேல் முந்திவிடும். தன் முதுகும் முகமும் வெவ்வேறு வெப்பநிலையில் இருக்க வேலைசெய்தவனுக்கு இதன் பொருள் விளங்காமற் போயிராது.

இந்த இடர்ப்பாட்டுக்கு இறுதியாகத் தீர்வு கண்டவரும் அம்மலைநாட்டவரே. சார்ல் எடுவார் கியோம் 1861இல், நெசாத்தெல் மாகாணத்துப் புளூரியே என்னும் ஊரில், கடிகாரத் தொழில் செய்த குடும்பத்திற் பிறந்தவர். பாரிசுக்கு அணித்தாயுள்ள சர்வதேச நிறை அளவைப் பணியகத்திற் பணிபுரிந்தபோது, நூற்றுக்கு 36 பங்கு நிக்கல் கலந்த உருக்கு வெப்பத்தால் மிகச் சிறிதே விரியும் என்பதை 1896இற் கண்டறிந்தார். 'இன்வார்' எனப் பெயர்பெற்ற இக்கலப்புலோகத்தின் பின், வெப்பத்தால் மீள்தன்மை மாறாத 'எலின்வார்' என்பதையும் ஆக்கிச் சுருள்வில்லுக்கு உதவினார். 1920ஆம் ஆண்டின் பெளதிகவியல் நோபல் பரிசு இவருக்கே உரியதாயிற்று. அதே ஆண்டுகளில் ஐன்ஸ்ரைனும் போரும் பெரும் புரட்சிகளை நிகழ்த்திக்கொண்டிருக்க, உலோகக் கலவை ஆராய்ந்தவருக்குப் பரிசா எனச் சிலர் வியப்பதுண்டு. நாடுதோறும் நேரத்தையும் நீளத்தையும் செம்மையாக அளக்க உதவிய பணியைச் சிறிதென்றல் பொருந்தாது.

சாளரவரிசையின்கீழ் அருகருகே அமர்ந்து செய்யும் இத்தொழிலுக்கு ஓசை இல்லை. அதனாற் பேச்சுக்கு இடமுண்டு. 1872இல் அங்கு சென்ற உருசிய நாட்டு அறிஞர் குரொப்பொட்கின், சிறு பட்டறைகளில் நிகழ்ந்த உரையாடல்களே அத்தொழிலாளரின் அறிவுக்கூர்மைக்குக் காரணம் எனக் கருதினார். அப்போதே தொழிற்சாலைகள் தோன்றத் தொடங்கிவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இயந்திரத்தாற் செய்த கடிகாரங்கள் சந்தைக்கு வர, வீட்டுமேசைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தன. எனினும் சில வேலைகள் இருபதாம் நூற்றாண்டிலும் வீட்டிலேயே நிகழ்ந்தன.

அவற்றுள் ஒன்று ஈண்டு விரிவாகக் கூறத்தக்கது. ஒளியைப் பற்றிய வரலாற்றில் அதுவும் ஒரு பகுதி. இருட்டில் நேரம் காட்டும்பொருட்டுக் கடிகாரத்தின் எண்களிலும் முட்களிலும் இரேடியம் கலந்த ஒளிர்பூச்சைத் தீட்டும் வழக்கம் 1920ஆம் ஆண்டுகள் தொடக்கம் 1960ஆம் ஆண்டுகள் வரை சுவிற்சலாந்தில் இருந்தது. இவ்வேலையில் ஒரு பகுதியை வீட்டிலிருந்த பெண்கள் செய்தனர். மெல்லிய தூரிகையும் சிறு கிண்ணமும் சாளரத்தருகே ஒரு மேசையும் போதும். கணப்படுப்பின் புகைக்கும் குளிருக்கும் அஞ்சவேண்டாத இலகுவான வேலை. சமையலறை மேசையிலேயும் அது நடந்தது. இதுவரை கூறிய ஒழுங்குகள் எல்லாம் மேசையிலிருந்து பொருள் தவறி விழாமற் காப்பதற்கு ஏற்பட்டவை. விழுந்த திருகாணி வீணாயிற்று என்பதற்குமேல் அதனால் வீட்டாருக்குத் தீங்கில்லை. விழுந்த இரேடியத்தூளோ அவ்வாறன்று. தூரிகையைத் துடைத்த துணியிலும், பலகை இடுக்கிலும், கழுவிய நீரிலும் அது வீடெங்கும் பரவியது. பிள்ளைகள் அதே நிலத்தில் தவழ்ந்தனர். இரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 1600 ஆண்டு. மேசை அகற்றப்பட்டபின்னும், வீடு வேறொருவர் கைக்கு மாறியபின்னும், அத்தூள் தன் கதிர்வீச்சை நிறுத்துவதில்லை. 2015இல் சுவிற்சலாந்து அரசு இதற்கெனச் செயற்றிட்டம் ஒன்றை மேற்கொண்டு, முன்னாளில் இவ்வேலை நிகழ்ந்த வீடுகளைத் தேடிக் கண்டு அளக்கவும் துப்புரவாக்கவும் தொடங்கியது. வீட்டின் அறைகளில் மட்டுமன்றி, சில இடங்களில் வீட்டைச் சூழ்ந்த தோட்டத்து மண்ணிலும் அப்பொருள் காணப்பட்டது; முன்வீட்டின் நிழல் சாளரத்தில் விழாதபடி இடம் விட்டு வகுத்த நகரங்களின் தோட்டங்களும் அவற்றுள் அடங்கும்.